சாந்தும் புகையும்

ஆணுக்கு ஒரு வாசனை, பெண்ணுக்கு ஒரு வாசனை என்ற பாகுபாடு மதுரைக்கு எப்போது வந்தது என்று சரித்திரக்காரர்கள் எழுதக் காணோம். யுத்தங்களும் வரிகளும் கோபுரங்களின் உயரமும் எழுதி முடிந்தபின் மிச்சமிருந்தால்தானே வாசனைக்கு இடம். இலக்கிய விமர்சகர்களோ சங்கப் பாடல்களில் வரும் சாந்தையும் அகிலையும் 'வருணனை' என்று ஒதுக்கிவிட்டு உரிப்பொருளைத் தேடப் போய்விடுகிறார்கள். இரண்டு பேரும் விட்டுவிட்ட இடத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு வேண்டிய சாட்சியங்களில் பெரும்பகுதி இந்த ஒரு ஊரைப் பற்றிய எழுத்துகளிலேயே கிடைக்கிறது.

மதுரையின் மிகப் பிரசித்தமான இலக்கியச் சண்டையே வாசனையைப் பற்றியதுதான். பாண்டியனுக்கு ஒரு சந்தேகம். பெண்ணின் கூந்தலுக்கு வாசனை இயற்கையா, செயற்கையா? தருமிக்காக இறைவன் பாட்டு எழுதித் தந்ததும், நக்கீரன் அதில் பொருட்குற்றம் கண்டதும், நெற்றிக்கண்ணின் வெம்மை தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்ததும் பரஞ்சோதியின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. 1965-இல் வந்த சினிமாவில் ஏ. பி. நாகராஜனே நக்கீரனாக நடித்து அதைத் தெருவுக்குத் தெரு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். சண்டைக்குக் காரணமான பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக இருக்கிறது. அந்தப் பாட்டில் இந்தச் சண்டைக்கான சுவடே இல்லை. வண்டிடம் ஒருவன் கேட்கும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். சண்டை பின்னால் வந்தவர்கள் கட்டியது.

பின்னால் வந்தவர்கள் எதைக் கட்டினார்கள் என்பதைவிட, எதைக் கேட்க மறந்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசனின் சந்தேகம் பெண்ணின் கூந்தலைப் பற்றி மட்டும்தான். ஆணின் குடுமியைப் பற்றி அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இத்தனைக்கும் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் பூச்சூடாத ஆணே இருந்திருக்க முடியாது, அது சங்க காலத்துச் சபை என்றால். பாண்டியனின் அடையாளப் பூவே வேம்பு. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி. புறத்திணைகளின் பெயர்களையே பாருங்கள்: வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை. இவ்வளவும் ஆண்கள் தலையில் வைத்துக்கொண்டு மாடு பிடிக்கவும் கோட்டை பிடிக்கவும் போன பூக்கள். புராணம் எழுதிய காலத்துக்குள் பூவும் மணமும் பெண்ணின் உடம்புக்கு உரிய விஷயமாகிவிட்டன. ஆண் அதைப்பற்றித் தீர்ப்புச் சொல்கிறவனாக மாறிவிட்டான். இந்த மாற்றத்தைத்தான் சரித்திரம் என்கிறேன்.

நக்கீரனைப் பற்றி இன்னொன்று. புராணத்து நக்கீரனும் நெடுநல்வாடை எழுதிய நக்கீரனும் ஒருவரேதானா என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. மரபு இருவரையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அப்படி வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. கூந்தலுக்கு இயற்கை மணம் கிடையாது, பூவாலும் புகையாலும் எண்ணெயாலும் வருவதுதான் என்று கடவுளிடமே வாதாடுகிற ஆள், நெடுநல்வாடையில் அந்தப் புகை எப்படி உண்டாக்கப்படுகிறது என்று சாமான் வாரியாக எழுதி வைத்திருக்கிறான். அவனுக்கு மணம் என்பது செய்யப்படுகிற காரியம். விறகு வேண்டும், நெருப்பு வேண்டும், யாராவது உட்கார்ந்து ஊத வேண்டும். சபையில் அவன் பேசியது அகம்பாவம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது வெறும் தொழில் அறிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

நெடுநல்வாடை 188 அடி. வாடைக் காலத்து மதுரையில் ஒரு ராத்திரி. அரசி அரண்மனையில், அரசன் பாசறையில். நான் சொல்ல வந்தது அரசியைப் பற்றி அல்ல. அவளுக்கு முன்னால், ஊரைப் பற்றி வருகிற ஐம்பது அறுபது அடிகளைப் பற்றி. மழை விடவில்லை. மேகம் கவிந்து பகலும் இரவும் ஒன்றாகக் கிடக்கிறது. பொழுது சாய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெண்கள் தட்டில் பித்திக மொக்குகளைப் பறித்து வைத்திருக்கிறார்கள். மொக்கு அவிழ்ந்து மணம் வந்ததும் அந்தியாகிவிட்டது என்று விளக்கேற்றுகிறார்கள். பித்திகம் நம் பிச்சிப் பூ. மூக்கால் மணி பார்த்த ஊர் இது. இன்றைக்கும் பூ கட்டுகிறவர்களுக்கு இது ஆச்சரியமான செய்தியே அல்ல. விடியுமுன் பறித்த மல்லிகை மொக்கு எந்த நேரத்தில் வாய் திறக்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அந்த நேரத்துக்குள் விற்றாக வேண்டும்.

அடுத்து வருவதுதான் நம் விஷயத்துக்கு மையம். சந்தனம் அரைக்க வடக்கிலிருந்து வந்த வட்டக்கல் சும்மா கிடக்கிறது. தெற்கு மலையிலிருந்து வந்த சந்தனமும் அதனோடு கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அடர்ந்த கூந்தல்காரிகள் மாலை கட்டி வைத்துக்கொள்ளவில்லை, பெயருக்குச் சில பூ. பதிலாகத் தகர விறகில் நெருப்பு மூட்டிக் கரிய அகிலையும் வெண்மையான அயிரையும் போட்டுப் புகைக்கிறார்கள். விசிறிகள் மடக்கித் தொங்கவிடப்பட்டு அவற்றில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. குளிர்ந்த நீர்க் குடங்களைத் தொடுவார் இல்லை. இது வருணனை அன்று. ஒரு நகரம் பருவத்துக்கு ஏற்ப வாசனையை மாற்றிக்கொண்டதற்கான ஆவணம்.

இதன் மறுபாதி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், புகாரில், நிலா முற்றத்தில் இருப்பவர்கள் மேற்கிலிருந்து வந்த வெள்ளயிரையும் கிழக்கிலிருந்து வந்த காரகிலையும் ஒதுக்கிவிடுகிறார்கள். வடமலைக் கல்லில் தென்மலைச் சந்தனம் உருளுகிறது. நெடுநல்வாடையைக் கண்ணாடியில் பிடித்த மாதிரி. ஒரு புலவர் மற்றவரைப் படித்திருக்க வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். குளிர்காலத்துக்கு ஒரு ஜோடி, வெயில் காலத்துக்கு ஒரு ஜோடி என்ற வழக்கம் படிக்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தால்தான் இந்தத் தலைகீழாக்கம் ரசிக்கும். நாலு திசையும் ஒரு அம்மிக்கும் ஒரு தூபக்காலுக்கும் வந்து சேர்வதையும் கவனிக்க வேண்டும். கல் வடக்கு, சந்தனம் தெற்கு, அயிர் மேற்கு, அகில் கிழக்கு.

சந்தனத்துக்கு வெயிலும் அகிலுக்குக் குளிரும் ஏன் என்பது கவிதை ரகசியம் ஒன்றும் இல்லை. அரைத்த சந்தனத்தில் பாதி தண்ணீர். பூசிய இடத்தில் அது ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சந்தனத்தின் மணத்துக்குக் காரணமான சாண்டலால் என்ற எண்ணெய்ப் பொருள் மெதுவாகத்தான் ஆவியாகும். சித்திரை வெயிலிலும் சாயங்காலம் வரை மார்பில் நிற்கும். மார்கழியில் அதே சந்தனம் நடுக்கம். அகிலோ பச்சையாக இருக்கும்போது ஏறக்குறைய மணமே இல்லாத மரம். காயம்பட்டு, பூசணம் ஏறி, அதை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின் உறைந்து கறுத்த இடம் மட்டும்தான் அகில். நோயின் வாசனை என்று சொல்லலாம். அது நெருப்பில் விழுந்தால்தான் முழுதாக வாய் திறக்கும். நெருப்போடு வருகிற வாசனை குளிர்காலத்துக்கு உரியதாக இருப்பதில் வியப்பில்லை.

நம் மேற்கு மலைகளில் வெள்ளகில் என்று சொல்லப்படுகிற மரம் வேறு இனம். மதுரைக்கு வந்த அகில் கப்பலில் வந்தது. ஊர்காண் காதையில் கீழைக் காற்றோடு தொண்டியோர் அனுப்பிய அகிலும் துகிலும் சந்தனமும் வாசப் பொருள்களும் கற்பூரமும் கூடலுக்குள் நுழைகின்றன. அடியார்க்கு நல்லார் உரையில் அகில் வகைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார்: அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில். முதல் மூன்றும் ஊர்ப் பெயர்களிலிருந்து வந்தவை. பர்மாக் கரையும் மலாய்க் கரையும் கடாரமும் அவற்றில் இருக்கின்றன. நாம் இன்றைக்கு பிராண்ட் என்று சொல்வதைப் போல, எந்தத் துறைமுகத்துச் சரக்கு என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அதே ஊர்காண் காதையில் மதுரையின் பருவங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கூதிரில் மேல்மாடத்தில் அகில் விறகு எரிய, சின்னச் சாளரங்களை அடைத்துக்கொண்டு பெண்களும் ஆண்களும் குளிர் காய்கிறார்கள். இளங்கோவின் ஆண்கள் மட்டும் அந்தக் குளிரிலும் மார்பில் சாந்தோடுதான் இருக்கிறார்கள். நக்கீரரின் விதியை அவர்கள் மதிக்கவில்லை. எல்லா ஊரிலும் பருவத்துக்கு மீறி அலங்காரம் செய்துகொள்கிற சில பேர் இருப்பார்கள்.

இந்தப் பாடல்கள் எவற்றிலும் சந்தனம் ஆண்களுக்கு, அகில் பெண்களுக்கு என்ற பிரிவினை இல்லை. பருவம் பிரிக்கிறது, பொழுது பிரிக்கிறது, பணம் பிரிக்கிறது. 782 அடி மதுரைக்காஞ்சியில் நரைத்த தலையோடு கிழவிகள் பூவும் வாசனைப் பொருள்களும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். வாங்குகிறவர் ஆணா பெண்ணா என்று மாங்குடி மருதனார் சொல்லவில்லை. அவருக்கு அது கேள்வியாகவே தோன்றியிராது. பரிபாடலைச் சேர்ந்த ஒரு வையைப் பாட்டில் ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து வாசனைப் பொருள்களை நீரில் தூவிவிட்டதால் அந்தணர்கள் ஆற்றில் இறங்க மாட்டேன் என்கிறார்கள், வழுவழுப்பாக இருக்கிறதென்று வாய் கொப்பளிக்கவும் மறுக்கிறார்கள். ஆறே மணம் பூசிக்கொண்டுவிட்டது. இன்று வையையில் அந்தணர்கள் மட்டுமல்ல, யாருமே வாய் கொப்பளிப்பதில்லை. காரணம் வேறு.

*

ஐரோப்பாவும் ரொம்ப காலம் இப்படித்தான் இருந்தது என்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. 1709-இல் கொலோன் நகரத்தில் ஃபரீனா என்ற இத்தாலியர் தொடங்கிய கடையின் எலுமிச்சை மணத் தண்ணீரை ஆண் பெண் எல்லோரும் பூசினார்கள். நெப்போலியன் அதைப் புட்டி புட்டியாகத் தீர்த்தவன். நம் வீடுகளில் அது 'ஓடிகோலன்' ஆகி, ஜுரத்துக்கு நெற்றியில் போடும் ஈரத்துணியின் வாசனையாகிவிட்டது. ஒரு சாம்ராஜ்யத்தின் அலங்காரம் இன்னொரு இடத்தில் வைத்தியம். ஆணுக்குப் புல்லும் மரமும் தோலும், பெண்ணுக்குப் பூவும் இனிப்பும் என்று அங்கே பிரித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் வளர்ந்த வியாபாரம். அதிலும் பிசிறுகள் உண்டு. 1889-இல் கெர்லென் கம்பெனி பாரிஸில் வெளியிட்ட 'ஜிக்கி'யை இருபாலாரும் பூசினார்கள். அதற்குள் லவண்டரும் வனிலாவும் மட்டுமல்ல, நம் புனுகும் இருந்தது. அமெரிக்காவில் ஓல்ட் ஸ்பைஸ் என்ற பெயர் 1937-இல் முதலில் பெண்களுக்காகத்தான் வந்தது. ஆண்களுக்கு வந்தது அடுத்த வருஷம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிறவர்கள் அந்தப் புட்டியைக் கொண்டுவந்து மைத்துனர்களுக்குக் கொடுத்தபோது, ஆண்மையின் வாசனை என்றே அதை வாங்கி மோந்தோம்.

அந்த 1889-ஆம் வருஷத்திலேதான் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். நெடுநல்வாடையின் வட்டக்கல் ஏட்டிலிருந்து வெளியே வந்த வருஷமும் ஜிக்கி வெளிவந்த வருஷமும் ஒன்று. இதற்கு அர்த்தம் எதுவும் கற்பிக்கக்கூடாதுதான். ஆனால் நாம் நம்முடைய பழைய வாசனை வழக்கத்தைத் திரும்பப் படிக்க ஆரம்பித்த அதே காலத்தில்தான் அதை விட்டுக்கொண்டும் இருந்தோம். குடுமி போய் கிராப் வந்தது. குடுமி போனதும் பூ வைக்க இடம் இல்லை. சட்டை வந்தது. மார்பு மூடியதும் சந்தனம் பூசுவதற்கு அர்த்தம் இல்லை. ஆண் உடம்பில் மணத்துக்கு இருந்த இரண்டு இடங்களும் இப்படி மூடப்பட்டன. யாரும் சட்டம் போடவில்லை. முடிதிருத்தும் கடையும் தையல் கடையும் செய்த வேலை.

வார்த்தைகளும் இதற்கு ஒத்துழைத்தன. 'நாற்றம்' ஒரு காலத்தில் நல்ல மணம். இன்று அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். வேதியியல் தெரிந்தவர்கள் பழைய தமிழின் பக்கம் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். மல்லிகையின் மணத்தில் பென்சைல் அசிடேட்டும் லினலூலும் இருப்பது போல இண்டோல் என்ற பொருளும் இருக்கிறது. மலத்தில் இருப்பதும் அதே இண்டோல்தான். அது இல்லாமல் செய்த செயற்கை மல்லிகை சோப்பு மாதிரி இருக்கும். மூக்கு நல்லதையும் கெட்டதையும் ஒரே பொருளால் அறிகிறது, அளவு மட்டும் மாறுகிறது. நாற்றம் என்ற சொல் இரண்டையும் ஒருகாலத்தில் ஏந்தியதற்கு இதைவிட நல்ல உரை கிடையாது.

வெட்டிவேரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல்லே பிரெஞ்சுக்குப் போய் 'வெட்டிவெர்' ஆயிற்று. 1950-களின் இறுதியில் கார்வென், கெர்லென் போன்ற கம்பெனிகள் அந்தப் பெயரிலேயே ஆண்களுக்கான வாசனைத் திரவியம் விற்றன. மண்ணும் புல்லும் புகையும் கலந்த அந்த மணம் அங்கே கனவான்களின் மணம். அதே வேர் மதுரையில் குடிதண்ணீர்ப் பானைக்குள்ளும், ஜன்னல் தட்டியிலும், பெண்களின் டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைகளுக்கு இடையிலும் கிடக்கிறது. ஒரே வேர் பாரிஸில் ஆண், மாசி வீதியில் பெண். வாசனைக்குப் பால் உண்டு என்று நம்புகிறவர்கள் இந்த வேரை எந்தப் பக்கம் வைப்பார்கள்?

அந்த டிரங்குப் பெட்டி விஷயத்தில் எனக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. என் அப்பாவின் அக்கா இருபது சொச்சம் வயதில் விதவையானவர். வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்களோடு இருந்தார். சாயங்காலம் பூக்காரி வந்தால் அத்தை உள்ளே போய்விடுவார். அளந்து வாங்குவது அம்மா. கல்யாண வீட்டில் சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்பும் அவர் பக்கம் நீளாது. நீட்டினாலும் அவர் கையை எடுக்கமாட்டார். ஆனால் அவருடைய வெள்ளைச் சேலையில் எப்போதும் வெட்டிவேர் மணம் இருக்கும். துணியில் பூச்சி வராது என்று காரணம் சொல்வார். வேர் பூவல்ல, பூசுவதும் அல்ல. அதைத் தடுக்க சாஸ்திரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தடை போட்டவர்கள் விட்டுவைத்த ஒரு சின்னச் சந்து வழியாக அத்தை நாற்பது வருஷம் வாசனையோடு இருந்தார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது அது வெறும் அத்தை வாசனை.

ஆகவே பழைய மதுரையில் வாசனைக்குப் பால்பேதம் இல்லை என்று சொல்லி, அதைப் பொற்காலம் ஆக்கிவிட நான் தயாராக இல்லை. பேதம் வேறு இடத்தில் இருந்தது. நெடுநல்வாடையின் அரசன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்கிறது மரபு. வேல் நுனியில் கட்டிய வேப்பம்பூவை வைத்து அப்படிக் கொள்கிறார்கள். அதே நெடுஞ்செழியனைப் பாடும் புறநானூற்று 25-ஆம் பாட்டில் கல்லாடனார், அவனால் கொல்லப்பட்டவர்களின் மனைவியர் தங்கள் கருங்கூந்தலைக் கொய்துகொள்வதைக் காட்டுகிறார். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஒரு பக்கம் அகில் புகை ஏற்றிய கூந்தல், மறுபக்கம் தரையில் விழுந்த கூந்தல். ஒரே அரசன். பாண்டியனின் சந்தேகத்துக்கு இந்த இரண்டாவது கூந்தலையும் சபைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். இயற்கை மணமா செயற்கை மணமா என்று அப்போது கேட்டிருக்க மாட்டான்.

இன்னொரு பேதம் தொழில். நற்றிணையின் ஒரு நெய்தல் பாட்டில் (45) மீன் காயவைக்கிற பெண்ணின் பக்கம் பேசுகிறவள், நாங்கள் புலால் நாறுகிறவர்கள், தள்ளி நில் என்று நகரத்துச் செல்வனிடம் சொல்கிறாள். பாட்டில் அது ரோஷம். ஊர் வழக்கத்தில் தள்ளி நில் என்று சொல்லும் அதிகாரம் எப்போதும் மறுபக்கத்தில்தான் இருந்தது. சாந்து மணம் உள்ளவன் எதிர்மணம் உள்ளவனை வைத்துத்தான் தன்னை அறிந்தான்.

*

பிற்காலத்தில் சாந்துக்கும் அகிலுக்கும் பக்கத்தில் வேறு பெயர்கள் வந்து உட்கார்ந்தன. ஜவ்வாது அரபியின் 'ஸபாத்' என்ற சொல். புனுகுப் பூனைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரும் அதே சொல்லின் பேரன்தான். அரகஜா வடக்கிலிருந்து வந்தது. பன்னீர் பேர் தமிழ், ரோஜா நீர் பாரசீக வழி. சாம்பிராணி சுமத்ராவின் பிசின். அகில் விலை ஏற ஏற அதன் இடத்தைச் சாம்பிராணி பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்த வெள்ளிக்கிழமை, கூடையைக் கவிழ்த்து அதன் மேல் கூந்தலை விரித்துப் புகை ஏற்றும் பெண்கள் செய்வது நெடுநல்வாடையின் காரியம்தான், சரக்கு மட்டும் மாறியிருக்கிறது. கைக்குழந்தைக்கு ஆண் பெண் என்று பார்க்காமல் புகை காட்டுவார்கள். பையனுக்கு முதல் மொட்டை போட்டு முடி வளர்ந்தபின் அவன் பக்கம் சாம்பிராணி வருவதில்லை. அந்த வயதில்தான் அவன் ஆணாகிறான் போலும்.

இன்றைய மதுரையில் பழைய வழக்கத்துக்கு மிக நெருக்கமாக இருப்பது அத்தர்க் கடை. கன்னோஜில் இன்றும் செப்புப் பாத்திரத்தில் பூவை வேகவைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியைக் கொண்டுபோய்ச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். சந்தனம் விலை போகிற போக்கில் இப்போது பல கடைகளில் கீழே இருப்பது சந்தனமே அல்ல, ஏதோ ஒரு மணமற்ற எண்ணெய். காஜிமார் தெருப் பக்கம் நான் போய்வரும் ஒரு சிறிய கடை உண்டு. அங்கே போய், "பாய், எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றால், அவர் கேட்கும் முதல் கேள்வி, "வெயிலுக்கா தம்பி, விசேஷத்துக்கா?" என்பதுதான். வெயிலுக்கு என்றால் வெட்டிவேர், மழை விழுந்த மண்ணின் மணம் பிடித்த மிட்டி அத்தர், ரோஜா. மழைக்கும் பனிக்கும் என்றால் ஊத், அம்பர், கஸ்தூரிக் கூட்டு, மருதாணிப் பூவும் மசாலாக்களும் சேர்ந்த ஷமாமா. ஊத் என்பது அகில்தான். நெடுநல்வாடையைப் பாய் படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் சொல்லும் சில விதிகள் எழுதி வைக்கத்தக்கவை. சித்திரை வைகாசியில் கனமான அத்தர் கூடாது, வியர்வையோடு சேர்ந்து தலைவலி கொடுக்கும். தொழுகைக்கும் கோயிலுக்கும் பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் தெரிகிற அளவு போதும். கல்யாணத்துக்கு மல்லிகை அத்தர் போடாதே, அங்கே நிஜப் பூ இருக்கும், உன்னுடையது தோற்றுவிடும். துக்க வீட்டுக்குப் போகும்போது எதுவும் வேண்டாம், ரோஜா மாலையும் ஊதுவத்தியும் அங்கே காத்திருக்கின்றன. மணிக்கட்டில் தேய்க்காதே, ஒற்றிக்கொள். காதுமடலில் பஞ்சு. இவற்றில் ஒன்றுகூட ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு இல்லை. சாராயத்தில் கரைத்த ஸ்ப்ரே புட்டிகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நம் வெயிலில் அவை கதவைத் தாண்டுமுன் பாதி போய்விடுகின்றன என்பதில் அவரோடு எனக்கு உடன்பாடு. 1994-இல் கால்வின் க்ளைன் கம்பெனி இருபாலாருக்கும் பொது என்று பெரிய விளம்பரத்தோடு ஒரு புட்டியை விற்றது. உலகம் புதுமை என்று பேசிற்று. பாய் கடையில் அந்தப் புதுமைக்கு இடம் வைக்க அலமாரியே இல்லை, எல்லாமே அதுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. மல்லிகையை அத்தராக ஆண் பூசிக்கொள்கிறான், யாரும் சிரிப்பதில்லை. அதே மல்லிகையை ஒரு சரமாகத் தலையில் வைத்தால் டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. ஆணுக்கு மறுக்கப்பட்டது மணம் அல்ல, பூவின் உருவம். அவனுக்குப் பூ பிறர் கையால்தான் வரலாம். மாப்பிள்ளையாக இருந்தால் மாலை, மேடையில் இருந்தால் மாலை. விழுந்த வேகத்தில் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவது மரியாதை. செத்தபிறகு மட்டும் கழற்ற வேண்டியதில்லை.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருப்பரங்குன்றம், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலும் நிலக்கோட்டை வட்டாரத்திலும் விடியுமுன் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பெண்கள் மொக்கு பறிக்கிறார்கள். எடைக்குத்தான் கூலி. மொக்கு வெளுப்பதற்கும் விரிவதற்கும் இடையிலுள்ள சில மணி நேரத்தில் அது மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வந்தாக வேண்டும். வெயில் காலத்தில் பூ வெள்ளமாக வந்து விலை சரியும்போது மிச்சத்தை வாசனைத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்கின்றன. அங்கே ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் பூவைக் கழுவி, கரைப்பானை ஆவியாக்கியபின் மெழுகு போன்ற ஒரு பொருள் மிஞ்சும். அதிலிருந்து மெழுகை நீக்கினால் சாறு. தமிழ்நாட்டு மல்லிகைச் சாறு பிரான்ஸ் வரை போகிறது. திரும்பி வரும்போது பெரும்பாலும் பெண்களுக்கு என்று எழுதிய புட்டியில் வருகிறது. பறித்த பெண்களில் எவரும் அந்தப் புட்டியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. பறித்துவிட்டு வரும்போது அவர்கள் கையில் இருப்பது பச்சைக் காம்பின் வாசனை. மொக்கு அப்போது இன்னும் மணக்க ஆரம்பித்திருக்காது.

மார்கழியில் பனி விழுந்தால் மல்லிகை சுருங்கிவிடுகிறது. வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறும். அந்த மாதத்தில் மீனாட்சி கோயில் வாசலில் நின்று பார்த்தால் தெரியும், முழக்கணக்கில் வைத்துக்கொள்கிறவர்களும் நாலு விரற்கடை நறுக்கி வாங்கிப் பின்னலில் செருகிக்கொண்டு போவார்கள். நெடுநல்வாடைப் பெண்கள் மாலையை விட்டுச் சில பூ மட்டும் வைத்தது குளிருக்காக என்று நச்சினார்க்கினியர் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். அவர் மதுரைக்காரர். அவர் காலத்திலும் மார்கழியில் பூ என்ன விலை விற்றது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.